காற்றுக்கு விலையில்லை, ஆனால் கணக்கு உண்டு

(மாற்று மின்சாரத்தின் செலவும் பயனும் பற்றிக் களுபோவிலயில் நடைபெற்ற கூட்டமொன்றில் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மாற்று மின்சாரம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இவ்வவையிலே வைத்தியர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் அமர்ந்திருக்கின்றனர். வலிகாமத்திலும் கிளிநொச்சியிலும் தோட்டமும் வயலும் வைத்துக்கொண்டு, கொழும்பிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க வந்த கமக்காரரும் அமர்ந்திருக்கின்றனர். ஒரு சாராருக்கு மின்சாரம் என்பது மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வரும் பட்டியல். மற்றச் சாராருக்கோ அது கிணற்றிலிருந்து மேலே வரும் தண்ணீர். இரு சாராருக்கும் பொதுவான கணக்கு ஒன்றையே இன்று உங்கள் முன் விரிக்க எண்ணுகின்றேன்.

காற்றுக்கு விலையில்லை, வெயிலுக்கு வரியில்லை. ஆகவே அவற்றாற் பிறக்கும் மின்சாரமும் இலவசமே என்கின்றனர் சிலர். அஃது அந்நிய நாட்டு ஆடம்பரம், நம்மால் தாங்கவொண்ணாதது என்கின்றனர் வேறு சிலர். இருவரும் பாதிக் கணக்கைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றவர்கள். முழுக்கணக்கு வேண்டுமாயின் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். பணம் எப்பொழுது கொடுக்கப்படுகின்றது? மின்சாரம் எவ்வேளையிற் கிடைக்கின்றது? அதன் சுமையை யார் சுமக்கின்றனர்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின்னரே ஒரு திட்டம் மலிவானதா, அன்றா என்று சொல்ல முடியும்.

நீரிலிருந்து நிலக்கரிக்கு

முதலில் நாம் வந்த வழியைத் திரும்பிப் பார்ப்போம். மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா கட்டுரை வாசித்தார். அக்காலத்தில் நீர்வலுவே 'மாற்று' மின்சாரம். அதற்கும் 'இந்நாட்டுக்கு ஏற்குமா, கட்டுப்படியாகுமா' என்ற கேள்விகளே எழுந்தன. இலக்சபானாவில் முதல் மின்சாரம் பிறந்தது 1950ஆம் ஆண்டின் முடிவில். கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையில் 32 ஆண்டுகள் கழிந்தன. தாமதமும் ஒரு செலவு என்பதை அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது.

பின்னர் மகாவலித் திட்டத்தின்கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய அணைகள் 1980களில் எழுந்தன. ஏறக்குறைய நாட்டின் மின்சாரம் முழுவதையும் ஆறுகளே தந்த காலமும் ஒன்று இருந்தது. ஆனால் 1996இல் மழை பொய்த்தது, நாடு இருண்டது. நீரை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது என்று கண்டவர்கள் எண்ணெயையும் நிலக்கரியையும் நாடினார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் 2011 முதல் 2014 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிற்று.

எண்ணெயும் நிலக்கரியும் டொலர் கொடுத்து வாங்குவன. டொலர் தீர்ந்தால் என்னாகும் என்பதை 2022 நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு பங்குனி மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. தொடர்ந்து 2022 ஆவணியில் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 மாசியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பாருங்கள்: நூறு ரூபாப் பட்டியல் இருநூற்றுத் தொண்ணூறு ரூபாவாயிற்று. பின்னர்க் கட்டணம் ஏறியதும் இறங்கியதும் உண்டு. ஆனால் பிறர் தோண்டும் சுரங்கத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்வதன் விலை எதுவென்று அவ்விரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு வீடும் அறிந்தது.

வடபுலத்து மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது சிறு குப்பியில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு, அவ்வெளிச்சத்திற் பரீட்சைக்குப் படித்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கின்றீர்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இருக்கின்றீர்கள். அடுத்து, எண்ணெய் மின்சாரத்தின் வேறொரு செலவையும் அப்புலம் கண்டது. சுன்னாகத்திலே மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் தனியார் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. ஆறில்லாத குடாநாட்டிற்குக் கிணறே ஆறு, கிணறே குளம். அந்தக் கிணற்றின் நட்டம் மின்சாரத்தின் அலகு விலையில் ஒருநாளும் எழுதப்படவில்லை.

முதற் கேள்வி: பணம் எப்பொழுது?

காற்றாலையும் சூரியத் தகடும் எண்ணெய் இயந்திரத்தினின்று வேறுபடுவது இங்கேதான். எண்ணெய் இயந்திரத்தை மலிவாக வாங்கலாம். பிறகு அதன் வாழ்நாள் முழுவதும் எரிபொருளுக்குப் பணம் கட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். காற்றாலைக்கோ பணம் முழுவதையும் முதலிலேயே வைத்தல் வேண்டும். பின்னர் எரிபொருட் செலவு இல்லை. ஒன்று வாடகைக்கு வீடெடுத்தலை ஒக்கும். மற்றது கடன்பட்டு வீடு கட்டுதலை ஒக்கும்.

கடன் என்றவுடன் வட்டி வந்துவிடுகின்றது. நூறு ரூபாப் பெறுமதியான ஒரு காற்றாலையை 20 ஆண்டுக் கடனில் அமைப்பதாகக் கொள்வோம். வட்டி 3 வீதமாயின் ஆண்டுதோறும் 6 ரூபா 72 சதம் கட்டினால் கடன் தீரும். வட்டி 12 வீதமாயின் 13 ரூபா 39 சதம் கட்டவேண்டும். காற்று அதே காற்று. இயந்திரம் அதே இயந்திரம். ஆனால் மின்சாரத்தின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆதலால், மாற்று மின்சாரத்தின் விலையை வானம் பாதி தீர்மானிக்கின்றதென்றால், வங்கி மறுபாதியைத் தீர்மானிக்கின்றது. 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திய நாடு நம்முடையது. அத்தகைய நாட்டுக்கு மலிவான கடன் எளிதிற் கிட்டாது. அந்தச் சுமையும் நம் பட்டியலில் வந்து சேர்கின்றது.

மறுபுறம், இயந்திரத்தின் விலை வியக்கத்தக்க வகையில் வீழ்ந்திருக்கின்றது. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகவரகத்தின் கணக்குப்படி, புதிய சூரிய நிலையங்களின் மின்சாரம் உலக சராசரியில் 2010இல் அலகொன்றுக்கு 46 அமெரிக்கச் சதமாக இருந்தது, 2023இல் 4.4 சதமாயிற்று. இராமநாதபுரத்துக் கமுதியில், கடல் கடந்தால் நம் அயலூர் எனத்தக்க இடத்தில், 648 மெகாவாற்றுச் சூரிய நிலையம் 2016இல் நிறுவப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளை நாகர்கோயிலுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். நமது மன்னாரிலும் ஆசிய வளர்ச்சி வங்கியின் 20 கோடி டொலர்க் கடனுதவியுடன் தம்பபவனி என்னும் காற்றாலை நிலையம் 2020 மார்கழியில் திறக்கப்பட்டது: 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று. அது மின்சார சபையின் பெயரிலேயே அமைந்த பொதுச்சொத்து.

இயந்திரம் மலிந்தாலும், வாங்கும் முறை பிழைத்தால் மலிவு நம் கைக்கு வாராது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைப்பதற்கு இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது. பகிரங்கப் போட்டியின்றி, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க 2024 வைகாசியில் அமைச்சரவை இணங்கிற்று. ஆட்சி மாறியது, 2025 தையில் அந்த இணக்கம் மீளப்பெறப்பட்டது, மாசியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில், போட்டிக் கேள்விப்பத்திரத்தின் வழியாக 50 மெகாவாற்றுக் காற்றாலைக்கு வந்த விலை 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் ஒன்றல்ல என்பது மெய், ஆயினும் 3.61 சத வேறுபாடு சிறிதன்று. ஒவ்வொரு பத்துக் கோடி அலகுக்கும் அது 36 இலட்சத்துப் பத்தாயிரம் டொலர். மூடிய அறையிற் பேசப்படும் விலைக்கும் திறந்த வெளியிற் கேட்கப்படும் விலைக்கும் உள்ள தூரம் அது.

இரண்டாங் கேள்வி: எந்த வேளை?

சூரியன் மாலை ஆறு மணியளவில் மறைகின்றான். நம் வீடுகளில் மின்சாரத் தேவை உச்சம் பெறுவதோ விளக்கு வைத்த பின்னர். இக்களுபோவிலப் போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்து விளக்கு, பொழுது சாய்ந்தது என்பதற்காக அணையலாகாது. நண்பகலில் விளையும் அலகும் இரவு எட்டு மணிக்குக் கிடைக்கும் அலகும் பெயரால் ஒன்று, பெறுமதியால் வேறு.

2025ஆம் ஆண்டு மாசி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்ற செய்தியைக் கேட்டு உலகமே நகைத்தது. நகைக்கு அப்பால் ஒரு பாடம் இருக்கின்றது. விடுமுறை நாளாதலால் தேவை குறைந்திருந்தது. நல்ல வெயிலாதலால் கூரைத் தகடுகள் மிகுதியாக மின்சாரம் தந்துகொண்டிருந்தன. ஆகவே பாரமான சுழலும் இயந்திரங்கள் சிலவே ஓடிக்கொண்டிருந்தன. குயவன் சக்கரம் பாரமாயிருந்தால், கை ஒரு கணம் தவறினாலும் அது சுழற்சி குன்றாது நிற்கும். சக்கரம் இலேசானால் சிறு தட்டே அதை நிறுத்திவிடும். மின்வலையமைப்பும் அத்தகையதே. அன்று சக்கரம் இலேசாக இருந்தது. விழுந்த வலையமைப்பு அன்று மாலை எழுந்த போதிலும், நுரைச்சோலை நிலையம் நின்றுவிட்டதனால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு நிகழ்ந்தது.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளைகளிற் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் வெயிலை வேண்டாமென்று தள்ளுவது, இரவில் எண்ணெயை எரிப்பது! விளைந்த நெல்லை வைக்கக் கொம்மறை இல்லாமையால் களத்திலேயே விட்டுவிட்டு, மறுநாள் அரிசியைக் கடன் வாங்கியுண்ணும் குடும்பத்திற்கு இதனை ஒப்பிடலாம்.

ஆகவே வேண்டியது கொம்மறை. பற்றரி ஒரு கொம்மறை. பகலில் மேலே ஏற்றிய நீரை இரவிற் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் அணை இன்னொரு கொம்மறை. மகா ஓயாவில் 600 மெகாவாற்றுக்கு அத்தகைய திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. இவற்றுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தையும் சூரிய மின்சாரத்தின் விலையிற் சேர்த்தே கணக்கிடுதல் நேர்மை. ஆனால் இயற்கையும் நமக்கு ஓரளவு துணைநிற்கின்றது. மாசி, பங்குனியில் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றத் தொடங்கும்பொழுது வெயில் நன்றாகக் காய்கின்றது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று மன்னாரில் வீறுடன் வீசுகின்றது. அது இரவிலும் ஓய்வதில்லை. நீர், வெயில், காற்று மூன்றையும் ஒரு வண்டியிற் பூட்டி ஓட்டத் தெரிந்தால் எண்ணெயின் தேவை பெரிதும் குறையும்.

மூன்றாங் கேள்வி: யார் சுமப்பது?

மின்சாரம் ஓரிடத்திற் பிறந்து வேறோரிடத்தில் எரிகின்றது. தலவாக்கலைப் பகுதியிலே மேல்கொத்மலைத் திட்டத்திற்காகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடிபெயர்ந்தன. 2012 முதல் அம்மின்சாரம் நாடெங்கும் ஓடுகின்றது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். காணிக்குத் திரும்பப் பத்தாண்டளவு காத்திருந்தனர். அங்கே அமையவிருந்த நிலக்கரி நிலையம் 2016இற் கைவிடப்பட்டது. அதே சம்பூரிற் சூரிய நிலையத்திற்கு 2025 சித்திரையில் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரிக்குப் பதிலாக வெயில் வந்தமை நன்றே. ஆனால் அம்மண்ணின் மக்களிடம் கேட்டு வருவதும் கேளாமல் வருவதும் ஒன்றாகா.

மன்னாரைப் பாருங்கள். 2025 ஆவணியில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த பார ஊர்திகளை மறித்து மன்னார்த் தீவு மக்கள் போராடினார்கள். காற்றை வெறுக்கும் மக்கள் அல்லர் அவர்கள். காற்றை நம்பிக் கடலுக்குப் போகும் மக்கள். தாழ்ந்த மணற்றீவில் வழிகளும் அடித்தளங்களும் எழுந்தால் மழைவெள்ளம் வடியும் வழி அடைபடுகின்றது என்பது அவர்கள் முறைப்பாடு. கரையோர மீன்பிடி கெடுகின்றது என்றனர். கணிய மணல் அகழ்வும் சேர்ந்து வந்தால் தீவு தாங்காது என்றனர். பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளின் வான்வழியும் அத்தீவின் மேலேதான். திட்டம் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் மீளத் தொடங்கியபொழுது பொலிசாருடன் மோதலும் நிகழ்ந்தது.

'கொழும்புக்கு விளக்கு, மன்னாருக்கு வெள்ளம்' என்று ஓர் ஊர் எண்ணத் தொடங்குமாயின், அந்தக் காற்றாலை எத்துணை மலிவாயினும் அது மலிவன்று. வெள்ளவத்தையிலும் களுபோவிலயிலும் இருந்துகொண்டு 'நாட்டின் நன்மைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று உபதேசிப்பது எளிது. பொறுப்பவனுக்குப் பங்கு எங்கே என்று கேட்பதே நியாயம். அதுவன்றி, மன்னாரின் குறையைக் காட்டி மாற்று மின்சாரமே வேண்டாமென்பாரும் உளர். அவர்கள் சுன்னாகத்துக் கிணறுகளை மறந்துவிடுகின்றனர். குறை காற்றில் இல்லை. இடத்தைத் தெரிந்த முறையிலும், மக்களைக் கேளாத முறையிலுமே இருக்கின்றது.

செய்யத்தக்கன

படித்தோர்க்கு முதலிற் சொல்வேன். 2016இல் கூரைச் சூரியத் திட்டம் விரிவாக்கப்பட்டபொழுது, முதல் ஏழு ஆண்டுக்கு அலகு 22 ரூபாவும், எஞ்சிய பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபா 50 சதமும் தருவதாக ஒப்பந்தம். சொந்தக் கூரையுடையவர்க்கு அது நல்ல வருவாய். தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவனுக்கோ கூரையே இல்லை. ஆயினும் அவன் கட்டும் பட்டியலிலும் அதன் பங்கு இருக்கின்றது. ஆதலால் கூரையுடையவர்கள் தகட்டோடு நின்றுவிடாமல், இயன்றால் பற்றரியும் வைத்து, மாலை வேளையில் வலையமைப்புக்கு உதவுதல் வேண்டும். அந்த வேளை மின்சாரத்திற்கு அரசு உயர்ந்த விலை தருதல் வேண்டும். தொடர்மாடிவாசிகள் ஒன்றுகூடிப் பொதுக்கூரையில் கூட்டாகத் தகடு அமைத்து, பயனைப் பங்கிட இடமளிக்கும் விதிகளையும் நாம் கேட்டல் வேண்டும்.

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நீரிறைப்பதற்கு இரவு வேண்டியதில்லை. வெயில் உள்ள வேளையிற் சூரியப் பம்பியால் இறைத்துத் தொட்டியில் நிரப்பலாம். தண்ணீர்த் தொட்டிதான் கமக்காரனின் பற்றரி. ஆனால் ஓர் எச்சரிக்கை. மண்ணெண்ணெய் விலை இதுவரை உங்கள் கையைப் பிடித்தது. எரிபொருட் செலவில்லாப் பம்பியோ நில்லென்று சொல்லாது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லினுள் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஏறினால் இறங்குவது அரிது.

இதற்கு வழி கண்டவர்கள் குசராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் சிற்றூர்க் கமக்காரர். 2016இல் அறுவர் கூடிச் சூரிய நீர்ப்பாசனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நம் அயலிலே பத்தரமுல்லையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் அவர்களுக்குத் துணைநின்றது. இறைத்தது போக மிஞ்சிய மின்சாரத்தை அவர்கள் வலையமைப்புக்கு விற்றார்கள். விற்றால் பணம் வருமென்றபொழுது, வீணே இறைப்பவன் கை தானே நின்றது. வெயில் ஒரு பயிராயிற்று, கிணறும் காக்கப்பட்டது. கூட்டுறவிற் பழக்கமுள்ள யாழ்ப்பாணத்துக் கமக்காரர்க்கு இது கைகூடாத காரியமா?

தீவகத்துக்கும் இதுவே பொருந்தும். எழுவைதீவில் காற்று, வெயில், பற்றரி, டீசல் நான்கும் இணைந்த சிறு நிலையம் அமைக்கப்பட்டமை நமக்கு முன்னுதாரணம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான அத்தகைய திட்டத்தை 2021இல் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்திற்கு வழங்க முடிவுசெய்தனர், இந்தியா ஆட்சேபித்தது, பின்னர் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையாக அது மாறி, 2024 பங்குனியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வல்லரசுகளின் இழுபறியில் ஆண்டுகள் கழிந்தன. தீவு மக்களின் இரவுகளை எவரும் கணக்கெடுக்கவில்லை. தேசிய வலையமைப்புக்கு ஊட்டாத மின்நிலையங்களை, நீர்வலு நீங்கலாக, மாகாணங்கள் தம் எல்லையுள் வளர்க்கலாம் என 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் இடமளிக்கின்றது. அந்த அதிகாரத்தை எடுத்தாள வேண்டிய வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின்னர், பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை. ஏட்டிலுள்ள உரிமை விளக்கேற்றாது. எடுத்தாளும் கை வேண்டும்.

இறுதியாக நாம் கேட்கவேண்டியவை நான்கு. விலை, பகிரங்கப் போட்டியில் தீர்மானிக்கப்படுக. ஒவ்வொரு பெருந்திட்டத்தோடும் மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடும் உடன்வருக. இடம் தெரியுமுன் அவ்வூர் மக்களின் சம்மதம் பெறப்படுக. வெள்ளம் வடியும் வழியும் பறவை போகும் வழியும் முதலில் அளக்கப்படுக. மின்சாரம் பிறக்கும் மாவட்டத்திற்கு ஒவ்வோர் அலகிலும் ஒரு பங்கு சட்டத்தால் உறுதிசெய்யப்படுக. இந்நான்கும் செலவைக் கூட்டும் என்பார் உளர். கூட்டட்டும், கூட்டியபின்னும் 2022ஆம் ஆண்டின் இருளைவிட அவை மலிவானவையே.

இலக்சபானா 32 ஆண்டு காத்திருந்தது. மன்னாரின் சோளகமும் வலிகாமத்தின் வெயிலும் அவ்வளவு காலம் காத்திருக்க நாம் விடலாகாது. அவசரத்திலே ஊராரை மிதித்துப் போகவும் விடலாகாது. கணக்கறிந்தவர்கள் கணக்கைக் கேளுங்கள். மண்ணையறிந்தவர்கள் மண்ணின் பங்கைக் கேளுங்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள் என்று வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.